வீட்டில் தீ: யாழ்ப்பாணத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்திரசிகிச்சை விடுதியில் நீண்டகாலம் தாதியாக வேலைசெய்து ஓய்வுபெற்றவள் நான். தீக்காயத்தோடு வந்தவர்களில் இரண்டு வகையினரை என்னால் மறக்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டு எதையோ எடுப்பதற்காகத் திரும்ப உள்ளே போனவர்கள் ஒரு வகை. கதவு திறக்க முடியாமல் உள்ளே நின்றவர்கள் இன்னொரு வகை. இப்போது சனசமூக நிலையங்களிலும் மாதர் சங்கங்களிலும் இதைப் பற்றிப் பேசி வருகிறேன். அங்கே என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

வீட்டில் தீப்பிடித்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆட்களை வெளியே கொண்டுவர வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். "தீ! தீ!" என்று உரக்கக் கத்துங்கள், கத்தியபடியே வெளியேறுங்கள். வரும்போது பின்னால் உள்ள கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். சாத்திய கதவு புகையையும் வெப்பத்தையும் சில நிமிடங்களுக்காவது தடுத்துவைக்கும். புகை மூண்டிருந்தால் நிமிர்ந்து நடக்க வேண்டாம். சூடான புகை மேலே தங்கும். நிலத்தோடு ஒட்டிய காற்றுத்தான் சுவாசிக்கத் தகுந்தது. தவழ்ந்து வாருங்கள். முற்றத்துக்கு வந்ததும் எல்லோரும் இருக்கிறார்களா என்று பெயர் சொல்லி எண்ணுங்கள். பிறகுதான் தொலைபேசி.

எந்த எண்ணை அழைப்பது? தீயணைப்பு வண்டி நேரத்துக்கு வந்து சேருமா?

தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. மின்கம்பியில் பொறி பறந்தாலோ கம்பி அறுந்து விழுந்தாலோ மின்சார சபைக்கு 1987. இவற்றோடு, உங்கள் பகுதிக்கு வரும் தீயணைப்புப் பிரிவின் நேரடி எண்ணை மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டு, சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. செலவுக்குப் பயந்து அழைக்காமல் இருந்த வயோதிபர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

நேரத்துக்கு வருமா என்பதற்கு நேர்மையான பதில், அது தூரத்தைப் பொறுத்தது. நகரத்துக்கு நடுவில் இருப்பவரும் பருத்தித்துறையில் இருப்பவரும் ஒரே அளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். நெடுந்தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். ஆகவே முதல் பத்து நிமிடங்களுக்கு நீங்களும் அயலாரும்தான் தீயணைப்புப் படை. அழைக்கும்போது வீட்டு இலக்கத்தை மட்டும் சொன்னால் போதாது. கோயில், பாடசாலை, சந்தி என்று அடையாளம் சொல்லுங்கள். ஒழுங்கைக்குள் பெரிய வண்டி நுழையுமா என்பதையும் சொல்லுங்கள். ஓர் இளைஞனைச் சைக்கிளில் சந்திக்கு அனுப்பி, வண்டி வந்ததும் வழிகாட்டச் செய்யுங்கள். நம் ஒழுங்கைகளில் இரவில் வீடு தேடுவது ஊராருக்கே கடினம்.

திருடருக்குப் பயந்து எல்லாக் கதவையும் பூட்டித் திறப்பை ஒளித்துவைத்துவிட்டுப் படுக்கிறோம். இதில் என்ன தவறு?

பூட்டுவதில் தவறில்லை. தவறு திறப்பை ஒளிப்பதில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் இதைப் படியுங்கள்.

நம்முடைய வீடுகள் திருடன் உள்ளே வராதபடி கட்டப்பட்டவை. எல்லா யன்னலுக்கும் இரும்புக் கம்பி, விறாந்தையைச் சுற்றி வலை அடித்த கிறில், அதற்கு உள்ளிருந்து ஆமைப்பூட்டு, படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற். போதாதற்கு மோட்டார் சைக்கிளை இரவில் முன்கூடத்துக்குள் ஏற்றி, கதவுக்குக் குறுக்கே நிறுத்துகிறோம். அதன் தாங்கியில் பெற்றோலும் இருக்கிறது. புகை நிறைந்த இருட்டில், கண் எரிய, இருமிக்கொண்டு, அரிசிப் பானைக்குள் போட்ட திறப்பைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

நித்திரையில் புகை மணம் நம்மை எழுப்பும் என்று பலரும் நம்புகிறார்கள். எழுப்பாது. தூங்குபவருக்கு மணம் அநேகமாகத் தெரிவதில்லை. புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. அது மயக்கத்தைத்தான் ஆழமாக்கும். வீட்டுத் தீயில் இறப்பவர்களில் மிகப் பலர் தீ தொடுவதற்கு முன்பே புகையால் இறக்கிறார்கள். விழித்தெழும்போது உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஓரிரு நிமிடங்களாக இருக்கலாம்.

ஆகவே ஒவ்வொரு பூட்டின் திறப்பும் அந்தந்தப் பூட்டுக்குப் பக்கத்திலேயே, ஓர் ஆணியில், எப்போதும் ஒரே இடத்தில் தொங்க வேண்டும். யன்னலுக்குள் கைவிட்டு எட்ட முடியாத இடமாகவும், வீட்டில் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரமாகவும் பாருங்கள். படுக்கைக்கு அருகில் ஒரு டோர்ச்சும் இன்னொரு திறப்புக் கோர்வையும் இருக்கட்டும். படுக்கை அறைகளில் ஒரு யன்னலுக்காவது, உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் திறக்கக்கூடிய கம்பிக் கதவு அமையுங்கள். இரும்பு ஒட்டும் கடைகளில் இதைச் செய்து தருவார்கள். புதிதாக வீடு கட்டுபவர்கள் வரைபடத்திலேயே சேர்த்துவிடலாம். பின்பக்க வழி குசினி ஊடாக மட்டும் இருந்தால் அதை இரண்டாவது வழியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். தீ தொடங்க வாய்ப்புள்ள இடமே அதுதான். வயதானவர்களை முன்கதவுக்குக் கிட்டிய அறையில் படுக்கவையுங்கள். மோட்டார் சைக்கிளை வெளிக் கொட்டகையில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

காஸ் மணக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

எந்தச் சுவிச்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பிறக்கும். மின்விசிறி, நெருப்புப் பெட்டி, தொலைபேசி எதுவும் அந்த இடத்தில் கூடாது. ரெகுலேற்றரை மூடுங்கள். கதவு யன்னல்களை அகலத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப் போல நிலத்தில் பரவி, தாழ்ந்த இடங்களில் தேங்கி நிற்கும். மணம் குறைந்துவிட்டது என்று எண்ணி உடனே அடுப்பு மூட்டாதீர்கள். மேடைக்குக் கீழே கதவு போட்ட அலுமாரிக்குள் சிலிண்டரை வைப்பது பார்வைக்கு அழகு, ஆனால் கசியும் காஸ் முழுவதும் அங்கேயே சேரும். அந்தக் கதவைக் கழற்றிவிடுங்கள்.

2021இல் நடந்ததுபோல் சிலிண்டர்கள் வெடிக்குமோ என்று இன்னும் பயமாக இருக்கிறது.

அந்த ஆண்டின் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகளும் குழாய்களும் வெடித்தன. புரோப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டும் கலக்கும் விகிதம் மாறியதே காரணம் என்று அதை ஆராய்ந்த ஜனாதிபதிக் குழு கூறியது. புரோப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும்; பழைய குழாயும் தளர்ந்த இணைப்பும் அதைத் தாங்காமல் கசியும். கலவையை நாம் பார்க்க முடியாது. குழாயைப் பார்க்கலாம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரையை ரெகுலேற்றரிலும் குழாயின் இரு முனைகளிலும் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. வெடிப்பு விட்ட, விறைத்துப்போன குழாயை உடனே மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். இரவில் படுக்கப் போகும்போது அடுப்பில் மட்டுமல்ல, ரெகுலேற்றரிலும் மூடுங்கள்.

சிலிண்டரின் வாயிலேயே தீ எரிந்தால்?

கை சுடாமல் எட்ட முடிந்தால் ரெகுலேற்றரை மூடுங்கள், தீ அணைந்துவிடும். எட்ட முடியாவிட்டால் அணைக்க முயலாமல் எல்லோரையும் தூர அழைத்துச் சென்று 110ஐ அழையுங்கள். தீயை மட்டும் அணைத்து, காஸ் வந்துகொண்டே இருந்தால், அது அறை முழுவதும் பரவி மறுபடியும் ஒரே வீச்சில் பற்றும். எரிந்துகொண்டிருக்கும் காஸைவிட எரியாமல் பரவும் காஸ் ஆபத்தானது.

தாச்சியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?

ஒருபோதும் கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். முகத்திலும் மார்பிலும் இப்படி வெந்த பெண்கள் விடுதிக்கு வந்திருக்கிறார்கள். அடுப்பை நிறுத்துங்கள், தாச்சியை விட அகலமான மூடியைப் பக்கவாட்டிலிருந்து சறுக்கி மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடாதீர்கள். வடைக்கும் முறுக்குக்கும் எண்ணெய் வைத்தால் அந்த மூடியைப் பக்கத்தில் எடுத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள். வாசலில் யாராவது கூப்பிட்டால் அடுப்பை நிறுத்திவிட்டுப் போங்கள்.

விறகு ஈரமாக இருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுவது வழக்கம்தானே?

வழக்கம்தான். அணைந்ததுபோல் தெரியும் தணலில் ஊற்றினால் எண்ணெய் ஆவியாகி, ஊற்றும் தாரை வழியே போத்தல்வரை தீ ஏறிவரும். காய்ந்த பன்னாடை, தென்னம்பாளை, ஊமல், பொச்சு என்று பற்றவைக்க நம் வளவுக்குள்ளேயே எவ்வளவோ இருக்கின்றன. மாரி தொடங்குமுன் ஒரு சாக்கு நிறையச் சேர்த்துவையுங்கள். பெற்றோலை மட்டும் எக்காரணத்துக்காகவும் அடுப்படிக்குக் கொண்டுவராதீர்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கலன்களில் சேர்த்துவைக்கும் பழக்கம் வந்தது. சில வீடுகளில் அது இன்னும் போகவில்லை. பெற்றோல் ஆவி நிலத்தோடு நிலமாக நகர்ந்து அடுத்த அறையில் எரியும் விளக்கைத் தேடிப் போகும்.

எங்கள் வீடு பழைய கல்வீடு. வயர்களை எப்படிச் சோதிப்பது?

நீங்களாகச் சோதிக்க வேண்டாம். தகுதியுள்ள மின்வேலையாளரை அழையுங்கள். ஆனால் அடையாளங்களைக் கவனிப்பது உங்கள் வேலை. தொட்டால் சுடும் பிளக், பழுப்பேறிய பிளக் பொயின்ற், மீன் நாற்றம் போன்ற பிளாஸ்டிக் மணம், மழை பெய்தால் மங்கும் வெளிச்சம், அடிக்கடி விழும் டிரிப் சுவிச். டிரிப் சுவிச் விழுந்தால் அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. காரணம் பார்க்காமல் மீண்டும் மீண்டும் தூக்கிவிடாதீர்கள். கட்டி நிறுத்தவும் வேண்டாம். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் பழுது. பழைய கட்டவுட்டில் பியூஸ் போனதும் கையில் கிடைத்த செப்புக் கம்பியைப் போடுபவர்கள் வீட்டின் கடைசிக் காவலையும் அகற்றிவிடுகிறார்கள்.

ஒரு சிறிய கணக்கு. நம் மின்சாரம் 230 வோல்ட். பழைய உருண்டைக் கால் 5 அம்பியர் பிளக் பொயின்ற் 1150 வாட்வரைதான் தாங்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலே 1500 முதல் 2000 வாட் இழுக்கும். அதே எக்ஸ்டென்ஷன் வயரில் ஸ்திரிக்கைப் பெட்டியும் சேர்ந்தால் வயர் சூடேறி உருகும். மெத்தைமேல் கைத்தொலைபேசியை மின்னேற்றியபடி தூங்குவதும், மின்சார ஸ்கூட்டரை இரவில் வாசற்கதவடியில் மின்னேற்றுவதும் வேண்டாம். மின்சாரத்தில் தீப்பிடித்தால் மெயின் சுவிச்சை நிறுத்தும்வரை தண்ணீர் கூடாது. மெயின் சுவிச் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

சுவாமி அறையில் விளக்கு எரியவிட்டு வெளியே போகலாமா?

போகாதீர்கள். எண்ணெய் குடித்த திரியை எலி இழுத்துக்கொண்டு போகும். சுவாமிப் படங்களுக்குக் கட்டிய திரையும் காய்ந்த மாலையும் பற்றிக்கொள்ளும். விளக்கை அகலமான தட்டில் வையுங்கள். கோயிலுக்குப் புறப்படுமுன் அணைத்து விடுங்கள்; கடவுள் கோபிக்க மாட்டார். நுளம்புத்திரியை நுளம்பு வலைக்கு அருகிலோ கட்டிலுக்குக் கீழோ வைக்கக் கூடாது. சட்டியில் மணல் போட்டு அதன்மேல் வையுங்கள். விளக்கீட்டுக்குச் சிட்டி ஏற்றும்போது பிள்ளைகளின் பாவாடை விளிம்பைப் பாருங்கள்.

மின்வெட்டில் குப்பி விளக்கைவிட டோர்ச் நல்லது. பொருளாதாரத் தடைக் காலத்தில் நாம் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்தவர்கள். அதில் பஞ்சில் ஊறிய கொஞ்சம் எண்ணெய்தான் இருக்கும். அதனால் விழுந்தாலும் பரவுவது குறைவு. இப்போதைய குப்பி விளக்கில் போத்தல் நிறைய எண்ணெய் இருக்கிறது.

கிடுகு வேலிக்குப் பக்கத்தில் குப்பை எரிக்கலாமா?

சோளகம் வீசும் மாதங்களில் எரிக்கவே வேண்டாம். வைகாசி, ஆனி, ஆடியில் காவோலையும் வேலியும் பஞ்சுபோல் காய்ந்திருக்கும். ஒரு பொறி பறந்து மூன்றாவது வளவில் விழும். பனங்கூடல் பற்றினால் வாளித் தண்ணீரால் ஒன்றும் செய்ய முடியாது. குப்பையைப் புதைத்துப் பசளையாக்குங்கள். ஓலைக் கொட்டிலுக்கும் குசினிக்கும் நடுவில் வெறும் நிலம் விட்டுவையுங்கள். சீனவெடி கொளுத்துவதானால் வெட்டவெளியில், பக்கத்தில் வாளி வைத்துக்கொண்டு.

வீட்டில் தீயணைக்க என்ன வைத்திருக்க வேண்டும்?

முதலில் தண்ணீர். நம்மிடம் கிணறு இருக்கிறது, ஆனால் மெயின் சுவிச்சை நிறுத்தியதும் மோட்டார் நின்றுவிடும். துலாவும் கப்பியும் போன வீடுகளில் கிணற்றுக்குள் தண்ணீர் நிறைய இருந்தும் எடுக்க வழியில்லை. கயிறு கட்டிய வாளி ஒன்று கிணற்றடியில் நிரந்தரமாக இருக்கட்டும். குசினி வாசலில் இரண்டு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் போதும். வசதி உள்ளவர்கள் உலர்தூள் தீயணைப்பான் ஒன்று வாங்குங்கள். சிறியது பத்து வினாடி அளவே பீச்சும். ஆகவே கடதாசிக்கூடை அளவான தீக்குத்தான் அது. ஊசியை இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடம் வலமாக வீசுங்கள். முதுகுப்பக்கம் எப்போதும் வாசல் இருக்க வேண்டும்.

நான் கனடாவில் இருக்கிறேன். அம்மா மானிப்பாயில் தனியாக இருக்கிறார். இங்கிருந்து என்ன அனுப்பலாம்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. புகை அறிவிப்பான் அனுப்புங்கள். அங்கே மின்கம்பியோடு இணைப்பவை 120 வோல்ட்டுக்கு உரியவை, இங்கே ஆகாது. பற்றரியில் இயங்குவது எங்கும் வேலை செய்யும். இங்குள்ள கடையில் மாற்றக்கூடிய சாதாரண பற்றரி போடும் வகையாகப் பாருங்கள். படுக்கை அறைக்கு வெளியே, கூடத்தின் மேற்பகுதியில் பொருத்தவேண்டும். விறகடுப்புக் குசினியில் அது ஓயாமல் அலறும்; அம்மாவே கழற்றி மூலையில் போட்டுவிடுவார். அங்கே வெப்ப அறிவிப்பான் பொருத்தம். மச்சு இல்லாத ஓட்டு வீட்டில் கூரை உச்சியில் வைக்காமல், சற்றுக் கீழே வளையில் வையுங்கள். பத்து ஆண்டுகள் ஆனதும் முழுக்க மாற்ற வேண்டும்.

அம்மாவுக்குக் காது மந்தம் என்றால், அந்த ஒலி எப்படி இருக்கும் என்று அயல் வீட்டாருக்கு ஒருமுறை ஒலிக்கவைத்துக் காட்டச் சொல்லுங்கள். வெளிக் கேற்றின் திறப்பு ஒன்று நம்பிக்கையான அயலவரிடம் இருக்கட்டும்.

உடுப்பில் தீப்பற்றினால்?

ஓடாதீர்கள். ஓடினால் காற்றுப்பட்டு தீ முகத்துக்கு ஏறும். நில்லுங்கள், நிலத்தில் விழுங்கள், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருளுங்கள். பக்கத்தில் நிற்பவர் தடித்த பருத்திப் போர்வையோ சாக்கோ போர்த்தி அமுக்கலாம். நைலோன் துணி வேண்டாம். அது உருகித் தோலில் ஒட்டும். அதே காரணத்துக்காகத்தான் குசினியில் நைலோன் நைற்றியும் தொங்கும் சால்வையும் கூடாது என்கிறேன்.

தீக்காயத்துக்குப் பற்பசை பூசலாமா?

பற்பசை, முட்டை வெள்ளை, மஞ்சள், நெய், தேங்காய் எண்ணெய், வாழைச்சாறு எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளே பிடித்துவைக்கும், கிருமியைக் கொண்டுவரும், பிறகு நாங்கள் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படும் வேதனையை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்தான் மருந்து. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்துப் பிடியுங்கள். கிணற்றுத் தண்ணீரும் நல்லதுதான். தொடர்ந்து மெதுவாக ஊற்றுங்கள். காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் இதைச் செய்தாலும் பலன் உண்டு. பனிக்கட்டி கூடாது. குழந்தையென்றால் காயத்தைக் குளிர வைத்து, உடம்பின் மற்ற இடங்களைத் துணியால் போர்த்துங்கள்.

மோதிரம், வளையல், காப்பு ஆகியவற்றை வீங்குமுன் கழற்றுங்கள். கழுத்துப் பக்கம் வெந்திருந்தால் தாலிக்கொடியையும் கழற்ற வேண்டும். பெண்கள் தயங்குவார்கள், அது எனக்குப் புரிகிறது. வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும், அதைவிட இப்போது கழற்றிக் கணவரின் கையிலோ தாயின் கையிலோ கொடுப்பது மேல். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். தோய்த்துக் காய்ந்த பருத்தித் துணியால் தளர்வாக மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

காயம்பட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய காயம், முகம், கை, மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் உள்ள காயம், வெள்ளைத் தோல்போலாகி வலி தெரியாத காயம், மின்சாரக் காயம், சிறு குழந்தையின் எந்தக் காயமும் வைத்தியசாலைக்கு உரியவை. குரல் கரகரத்தாலோ, சளியில் கரி வந்தாலோ, மூக்கு மயிர் கருகியிருந்தாலோ, வெளியே ஒரு காயமும் இல்லாவிட்டாலும் உடனே 1990. உள்ளே தொண்டை வீங்கிக்கொண்டிருக்கலாம்.

உறுதியும் நகையும் உள்ளே இருக்கின்றன. ஒரு நிமிடம் போய் எடுத்துவரலாமே?

வேண்டாம். காணி உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். அடையாள அட்டைக்குக் கிராம அலுவலரிடம் போகலாம். பொன் 1064 பாகை வெப்பத்தில்தான் உருகும். உருகினாலும் பொன்தான், சாம்பலில் தேடலாம். இன்றே எல்லா ஆவணங்களையும் படம்பிடித்து வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்கு அனுப்பிவையுங்கள். அப்போது அந்த நேரத்தில் மனம் இழுக்காது.

பயிற்சி எப்படிச் செய்வது?

ஓர் இரவு, மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, எல்லோரும் படுத்திருக்கும்போது "தீ!" என்று கத்துங்கள். முற்றத்து மாமரத்தடியில் கூட எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இதைச் செய்தோம். தாத்தாவும் அம்மம்மாவும் பேத்தியும். விறாந்தைக் கிறில் திறக்க ஏழு நிமிடமாயிற்று. திறப்பு தாத்தாவின் கோட்டுப் பையில் இருந்தது, கோட்டு அலுமாரியில் இருந்தது, அலுமாரித் திறப்பு அம்மம்மாவின் தலையணைக்குக் கீழே இருந்தது. அன்றிரவே பேத்தி கிறிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்தாள். இரண்டாம் முறை ஒரு நிமிடத்துக்குள் மூவரும் மாமரத்தடியில் நின்றார்கள். தாத்தா சாரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு அடுத்த முறை எப்போது என்று கேட்டார்.